தண்ணீர் கலந்த சாம்பிள்

திருகாணி மறுபடியும் கைநழுவி விழுந்தது. மூக்குக்கண்ணாடியின் காலைச் சட்டத்தோடு சேர்க்கிற அந்தத் திருகாணி எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. காந்தத்தால் தரையைத் தடவினால் அகப்பட்டுவிடும். அகப்பட்டு என்ன செய்ய? அதை ஓட்டையில் உட்காரவைக்கக் கை நிற்க வேண்டுமே. விரல் நுனிகள் பசையில் ஒட்டிக்கொண்ட ஈயின் இறகு மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

கடையில் அவளுக்குக் கிடுக்கி என்று பெயர். முதலாளி வைத்தது. மற்றவர்கள் கிடுக்கியால் தூக்கி வைக்கிற திருகாணியை அவள் வெறும் விரலால் எடுத்து, பேசிக்கொண்டே பொருத்துவாள். அந்தக் கைதான் இப்போது நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

“என்ன கிடுக்கி, திருகாணிக்கெல்லாம் றெக்கை முளைச்சிருச்சா?” என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து.

“காலையில சாப்பிடல சார்.”

“நேத்தும் இதையேதான் சொன்ன. பேசாம நான் ஹோட்டல் வச்சிருக்கலாம்.”

அவள் சிரித்து வைத்தாள். சிரிக்கும்போதே நெஞ்சு இடித்துக்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் மாடிப்படி ஏறி வந்தவளுக்கு இடிக்கிற மாதிரி. அவளோ காலையிலிருந்து நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

பயம் என்றால் எதையாவது பார்த்து வர வேண்டும். நாய், போலீஸ், மாமியார், ஏதோ ஒன்று. அவளுக்கு வந்த பயத்துக்குக் காரணமே இல்லை. கடைக் கதவு திறந்தால் பயம். லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் சுற்றத் தொடங்கினால் பயம், நின்றால் அதைவிடப் பயம். ஏதோ ஒன்று கிளம்பிவிட்டது, வழியில் வந்துகொண்டிருக்கிறது, வாசலை நெருங்கிவிட்டது என்கிற மாதிரி. எல்லாரும் ஏ.சி. குளிருக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவளுக்கு மட்டும் முதுகில் வேர்வை ஓடியது. கன்னம் ஒட்டிப்போயிற்று. தோள் எலும்பு துருத்தியது. ஆனால் வயிறு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது. பாவாடை நாடா எட்டவில்லை. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. மாதவிலக்கும் நின்றிருந்தது.

இதையெல்லாம் கேட்டால் தெருவில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார், கர்ப்பம் என்று. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வீட்டில் ஒரு லேப் இருந்ததே.

அதாவது நாத்தனார். கணவனுடைய அக்கா; அண்ணி என்று கூப்பிடுவாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட மனுஷி, இவர்களோடுதான் இருந்தாள். ரத்தமும் சிறுநீரும் பார்க்கிற ஒரு லேபில் பல வருஷ வேலை. வீட்டில் யாருக்கு எது வந்தாலும் டாக்டருக்கு முன்னால் அவள்தான் தீர்ப்புச் சொல்வாள். தீர்ப்பு பெரும்பாலும் ‘ஒண்ணுமில்ல’ என்பதாக இருக்கும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

கர்ப்பம் பார்ப்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. காலையில் முதல் சிறுநீர்தான் வேண்டும். கப்பில் கோடு போட்டிருக்கிற அளவுக்கு நிரப்ப வேண்டும். அதில் கர்ப்பம் காட்டுகிற காகிதப் பட்டையை முக்கிப் பார்ப்பாள்.

“கெட்டியா இருந்தாத்தான் ஹார்மோன் தெரியும். தண்ணியா கொண்டுவந்தா பட்டைக்கு எப்படித் தெரியும்? அதுக்கென்ன ஜோசியமா தெரியும்?”

அப்படிப் பார்த்துத்தான் மூன்று தடவையும் ஒற்றைக் கோடு. ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷமாக அந்த வீட்டுக் குளியலறையில் ஒற்றைக் கோடுதான் விழுந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

“கர்ப்பம் இல்ல. தைராய்டா இருக்கும்,” என்று நாத்தனார் அவள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “நான் சொல்லல?” என்றாள்.

தைராய்டு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதை ஓட்ட வேண்டிய டி.எஸ்.ஹெச் என்கிற ஹார்மோன் பூஜ்யம்.

“அப்படின்னா?” என்றான் கணவன். அவன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எதையும் கம்பி, பட்டன், மோட்டார் என்று சொன்னால்தான் ஏறும்.

“தலைக்குள்ள, மூக்குக்கு நேர் பின்னால, பட்டாணி அளவு ஒரு சுரப்பி தொங்குது. பிட்யூட்டரி. அதோட முன்பக்கத்துல இருந்துதான் எல்லாருக்கும் உத்தரவு போகுது. தைராய்டே, நீ சுர. சினைப்பையே, நீ முட்டை வை. மார்பே, நீ பால் குடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹார்மோன். இவளுக்கு அந்தப் பட்டாணி தைராய்டுக்கு உத்தரவே போடல. வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஆனா தைராய்டு ஓடுது.”

“யாரும் பட்டன் அமுக்காம லிப்ட் ஓடாதுக்கா.”

“ஓடும். ஒயரிங் கெட்டுப்போனா ஓடும். நிறைய பேருக்கு வர்றதுதான். மாத்திரை போட்டா அடங்கிடும். ஒண்ணுமில்ல.”

அவள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றை அளைந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“வேற மாடியில யாராவது அமுக்கினா?”

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

தெருமுனை டாக்டர் தைராய்டு மாத்திரை எழுதினார். கர்ப்பம் இல்லையே என்று கேட்டார். “மூணு தடவை பார்த்தாச்சு டாக்டர், நானே பார்த்தேன்,” என்றாள் நாத்தனார். வயிற்றை உடைக்கு மேலாகவே ஒரு தட்டுத் தட்டி, வாயு என்றார் டாக்டர். கொஞ்ச நாளில் உள்ளாடையில் பழுப்பாக ரத்தக்கறை பட்டது. “பாரு, விலக்கு வந்துடுச்சு. இன்னும் என்ன சந்தேகம்?” என்றாள் நாத்தனார். அது விலக்கு மாதிரி இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அவள் வாய்க்கு மதிப்புக் குறைந்துவிட்டிருந்தது. எதைச் சொன்னாலும் கணவன் தலையாட்டினான். சண்டைகூடப் போடுவதில்லை. ஆறு வருஷமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவன் திடீரென்று எல்லாவற்றுக்கும் ‘சரிம்மா, சரிம்மா’ என்றால் என்ன அர்த்தம்?

அர்த்தம் பால்கனியிலிருந்து கேட்டது. துணி காயப்போட்டுக்கொண்டே அக்காவும் தம்பியும் பேசினார்கள்.

“ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறாக்கா. கேட்டா, வந்துடுச்சுங்கிறா. என்ன வந்துடுச்சுன்னா சொல்லத் தெரியல.”

“குழந்தை ஏக்கம்டா. வயிறு வீங்கறதுகூட அதனாலதான். மனசு நினைச்சா உடம்பு அப்படியே நடிக்கும். மனநல டாக்டர் ஒருத்தர் இருக்கார், நல்லாப் பார்ப்பார்.”

அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். சாவுக்குப் பயந்துதான் இத்தனை நாள் வேர்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைவிட மோசமான ஒன்று புலப்பட்டது. உள்ளே இருக்கிறது என்னவோ, அது அவளைக் கொன்றுவிடும். இவர்கள் அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்து, மாத்திரை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அன்பாகத்தான் பார்ப்பார்கள். அதுதான் பயங்கரம்.

மனநல டாக்டர் நாள் கொடுத்தார். அவர் எழுதும் மாத்திரை கர்ப்பிணிக்கு ஆகாதாம். கர்ப்பம் இல்லை என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆகவே மறுபடியும் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் நிறுத்தம். மறுபடியும் கப்.

காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் குளியலறைக்குள் போய்க் கப்பைப் பிடித்தாள். பிடித்து நிரப்பும்வரை சரியாகத்தான் இருந்தது. வாஷ்பேசின் விளிம்பில் வைக்கும்போது கை உதறியது. கப் கவிழ்ந்தது. கருமஞ்சளாக எல்லாம் ஓட்டையில் இறங்கி, அடியில் ஒரு துளி மட்டும் மிஞ்சியது. இனி வரவழைக்க உடம்பில் ஒன்றும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

“உள்ள என்ன, கிணறு வெட்டுறியா? எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு.”

“இதோ அண்ணி.”

சிந்திவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘ஒரு கப்பைப் பிடிக்கத் தெரியல’ என்று தொடங்கும். டாக்டரிடமும் போய்ச் சொல்வாள், கை நிற்கவில்லை, மனசு நிலையில் இல்லை என்று. எப்படியும் ஒற்றைக் கோடுதானே விழப்போகிறது? அவள் குழாயைத் திறந்தாள். கோடுவரை தண்ணீர் பிடித்தாள். ஒரு ஆட்டு ஆட்டினாள். கதவைத் திறந்து கொடுத்தாள்.

நாத்தனார் கப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன இவ்வளவு வெளுப்பா இருக்கு? தண்ணி குடிச்சியா?”

“இல்ல அண்ணி.”

“உன்கிட்ட சொல்லிச் சொல்லி...” என்று முனகிக்கொண்டே பட்டையை முக்கினாள்.

முதல் கோடு விழுந்தது. பிறகு இரண்டாவதும் விழுந்தது. மங்கலாக அல்ல, பேனாவால் இழுத்த மாதிரி.

வாயில் பற்பசை நுரையோடு வந்த கணவன் எட்டிப் பார்த்தான். “ரெண்டு!” என்றான். நுரை சட்டையில் ஒழுகியது. துடைக்கக்கூட இல்லாமல், “ரெண்டுக்கா! ரெண்டு!” என்று சிரித்தான்.

நாத்தனார் சிரிக்கவில்லை. பட்டையைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். குரல் தாழ்ந்துவிட்டது.

“உண்மையைச் சொல்லு. இது யாரோடது?”

“அண்ணி?”

“யாருகிட்ட கேட்டு வாங்கின? கீழ் வீட்டுப் பொண்ணு முழுகாம இருக்காளே, அவகிட்டயா?”

கணவனின் சிரிப்பு நின்றது. பிச்சைக்காரி மாதிரி அடுத்தவள் வாசலில் கப்பேந்தி நின்றதாக நினைக்கிறார்கள். இனி மறைத்து என்ன? நடந்ததைச் சொன்னாள். கொட்டினது, குழாய், தண்ணீர், எல்லாம்.

“தண்ணியால கர்ப்பம் வருமா? அப்ப இந்தக் கட்டடத்துல ஆம்பளைங்க உள்பட எல்லாருக்கும் வந்திருக்கணும்,” என்றாள் நாத்தனார். ஆனால் சொல்லிக்கொண்டே குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு பட்டையை முக்கினாள். ஒற்றைக் கோடு. அவளை அரைத் தம்ளர் மட்டும் குடிக்கவைத்து, கதவைத் திறந்துபோட்டு எதிரிலேயே நின்றுகொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுக்கச் சொன்னாள். வந்தது கொஞ்சம்தான்; அதே கருமஞ்சள். முக்கினாள். ஒற்றைக் கோடு.

“பார்த்தியா?” என்று தம்பியிடம் சொன்னாள். ஆனால் அவள் கை அடங்கவில்லை. அந்தக் கருமஞ்சளில் ஒரு சின்னக் கரண்டி எடுத்து வேறு கப்பில் ஊற்றி, குழாய்த் தண்ணீரால் நிரப்பி, புதுப் பட்டையை முக்கினாள்.

இரண்டு கோடு.

அப்போதுதான் இவள் அதைப் பார்த்தாள். பட்டையைப் பிடித்திருந்த நாத்தனாரின் விரல்கள் நடுங்கின. அத்தனை வாரமும் தனியாக இருந்த பயத்துக்கு முதல் தடவையாகத் துணை வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும்.

நாத்தனார் லேப் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டது இவர்களுக்குக் கேட்கவில்லை. நாத்தனாரின் பதில்கள்தான் கேட்டன.

“ஆமா சார், தண்ணி கலந்தா மட்டும்... ஆமா, தைராய்டு அதிகம். டி.எஸ்.ஹெச் பூஜ்யம்... வயிறா? பெரிசாத்தான் இருக்கு சார்... ஆமா. பழுப்பா. நான் விலக்குன்னு நினைச்சேன்... மூணு தடவை சார். மூணும் நான்தான் பார்த்தேன்.”

போனை வைத்துவிட்டு, “டாக்சி கூப்பிடுடா,” என்றாள். “மாடிப்படியில இவளை நடக்க விடாதே. லிப்ட் ஓடுதா?”

“ஓடலைன்னா நான் எதுக்கு இருக்கேன்,” என்றான் அவன். குரல் உடைந்திருந்தது.

டாக்சியில் நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள். நிறுத்தினால் அழுதுவிடுவாள்போல. கர்ப்பமானால் நஞ்சுக்கொடி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். ஹெச்.சி.ஜி. பட்டை தேடுவது அதைத்தான். பட்டைக்கு இரண்டு கை. ஒரு கை ஹார்மோனைப் பிடித்துக் கோட்டுக்குக் கூட்டி வரும். கோட்டில் நிற்கிற கை அதே ஹார்மோனின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தும். அப்போதுதான் நிறம் தெரியும்.

“அளவுக்கு மேல கூட்டம் வந்துட்டா? இந்தக் கை ஒருத்தனைப் பிடிச்சுக்குது, அந்தக் கை வேற ஒருத்தனைப் பிடிச்சுக்குது. ரெண்டு கையும் சேர்றதே இல்ல. கோடு விழாது. தண்ணி ஊத்திக் கூட்டத்தைக் குறைச்சாத்தான் விழும். நான் உன்னைத் தண்ணி குடிக்க விடாம...” என்று சொல்லி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்ப தைராய்டு?” என்று கேட்டாள் இவள்.

“இந்த ஹெச்.சி.ஜியும் அந்தப் பட்டாணி அனுப்புற டி.எஸ்.ஹெச்சும் ஒரே குடும்பம். இன்னும் ரெண்டு இருக்கு, சினைப்பைக்குப் போறது. நாலுக்கும் ஒரு பாதி அச்சு அசல். மறுபாதிதான் வேற.”

கிடுக்கியின் தொழில் புத்திக்கு அது உடனே பிடிபட்டது. நாலு மூக்குக்கண்ணாடி. இடது லென்ஸ் நாலுக்கும் ஒன்றே. வலதுதான் ஒவ்வொன்றுக்கும் வேறு. அடுத்தவன் கண்ணாடியைப் போட்டாலும் ஏதோ கொஞ்சம் தெரியத்தான் செய்யும். டி.எஸ்.ஹெச் சாயலில் ஒரே ஒரு ஹெச்.சி.ஜி வந்து எட்டிப் பார்த்தால் தைராய்டு கண்டுகொள்ளாது. லட்சம் பேர் வந்து ஒரே சமயத்தில் எட்டிப் பார்த்தால்?

“வேற மாடியிலதான் அமுக்குது,” என்றாள்.

“ஆமா,” என்றாள் நாத்தனார். “நீ சரியாத்தான் கேட்ட.”

ஸ்கேன் அறையில் பெண் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கருவி வயிற்றில் நகர்ந்தது. ஒருமுறை கருவியை எடுத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறுபடி வைத்தார்.

“எனக்குக் காட்டுங்க மேடம்.”

“பார்த்தா பயப்படுவீங்க.”

“பயப்பட இனிமே என்கிட்ட மிச்சம் இல்ல மேடம்.”

டாக்டர் திரையைத் திருப்பினார். தலை, கை, கால் எதுவும் இல்லை. கர்ப்பப்பை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள். லென்ஸ் தேய்க்கும்போது இயந்திரத்தில் பொங்குகிற நுரை மாதிரி இருந்தது அவளுக்கு.

“குழந்தை இல்லைம்மா. எப்பவும் இருந்ததில்ல. நஞ்சுக்கொடி மட்டும் தன்னால வளர்ந்திருக்கு. முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க.”

பிள்ளை இல்லாததற்குப் போய் இப்படி ஒரு பெயர் வைத்தவன் யார் என்று அவள் யோசித்தாள். பக்கத்தில் நின்ற கணவன் சட்டையில் இன்னும் பற்பசைக் கறை இருந்தது. காலையில் ஒரு நிமிஷம் அப்பாவாக இருந்துவிட்டான் அவன்.

உடனே எடுத்துவிட முடியவில்லை. நெஞ்சு இருக்கிற வேகத்தில் மயக்க மருந்து கொடுத்தால் தைராய்டு மொத்தமாகச் சீறி, இதயம் நின்றாலும் நிற்கலாம் என்றார் டாக்டர். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. முதலில் மாத்திரையும் ஊசியும் கொடுத்து நெஞ்சை அடக்க வேண்டும். அதுவரைக்கும் வார்டில் படுத்திருக்க வேண்டும், உள்ளே அந்த நுரை பொங்கிக்கொண்டே இருக்க. தலைமாட்டில் இருந்த கருவி அவள் நெஞ்சின் ஒவ்வொரு இடியையும் சத்தம் போட்டு ஊருக்குச் சொன்னது.

“அந்த மனநல டாக்டருக்கு, வரலைன்னு போன் பண்ணிட்டீங்களா?” என்று கணவனைக் கேட்டாள்.

“இல்ல. கேன்சல் பண்ணல.”

“ஏன்?”

“நான் போகப்போறேன். பொண்டாட்டி சொல்றதை நம்பாத வியாதிக்கு ஏதாவது மாத்திரை இருக்கான்னு கேக்கணும்.”

அவள் சிரித்தாள். கருவி வேகமாகக் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து அவனை வெளியே துரத்தினாள்.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. முகமூடி வந்து மூக்கில் உட்கார்ந்தது. இது கடைசியாக இருந்தால் கடைசி நினைப்பு என்னவாக இருக்கும் என்று அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். மேசையில் பாதியில் விட்டுவந்த ஒரு கண்ணாடிச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

விழித்தபோது வயிறு இறங்கியிருந்தது. பயம் உடனே போகவில்லை. நாளாக ஆகத்தான் வடிந்தது. ஒரு நாள் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ஆனால் டாக்டர் விடவில்லை. துளி மிஞ்சினாலும் மறுபடி வளரும். வளர்ந்தால் புற்றாக மாறி நுரையீரல்வரைக்கும் போகலாம். வாராவாரம் ரத்தம் எடுத்து அந்த ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை கர்ப்பம் கூடவே கூடாது. ஆக, அவளுக்குப் புதுப் பயம் ஒன்று வந்தது. ஆனால் இந்தப் பயத்துக்கு முகம் இருந்தது. ஊசி போட்ட இடம் காயும்வரை இருக்கும், ரிசல்ட் வந்ததும் போய்விடும், அடுத்த வாரம் திரும்பி வரும். சாப்பிடவிட்டது, தூங்கவிட்டது. ஒரு வாரம் மட்டும் எண் இறங்காமல் அப்படியே நின்றது.

நாத்தனார் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அது அவள் வழக்கமில்லை. ஆனால் ‘ஒண்ணுமில்ல’ என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து மறைந்துவிட்டது. தம்பி தலைவலி என்றால்கூட, “எனக்குத் தெரியலடா, டாக்டரைக் கேளு,” என்றாள். அவனுக்கு அது பீதியாக இருந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் லேபிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “இறங்கிடுச்சு,” என்றாள். “கருவிக்கே தெரியல. அவ்வளவு கம்மி. இன்னும் சில மாசம் பார்க்கச் சொல்லுவாங்க.” சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு கப்பை எடுத்தாள்.

“ரத்தத்துலயே இல்லைன்னா இது எதுக்கு அண்ணி?”

“எனக்கு. என் கண்ணால பார்க்கணும்.”

அவள் மறுக்கவில்லை. குளியலறையில் இரண்டு பேரும் வாஷ்பேசினைப் பார்த்து நின்றார்கள். ஒரு கப்பில் இவளுடைய சிறுநீர், தண்ணீர் கலக்காமல் அப்படியே. நாத்தனார் பட்டையை முக்கினாள். ஒற்றைக் கோடு. அந்த ஒற்றைக் கோட்டை இருவரும் நம்பவில்லை. இதற்கு முன்னாலும் இதே கோடுதான் விழுந்தது.

“தண்ணி ஊத்திப் பாரு,” என்றாள் நாத்தனார். இரண்டாவது கப்பை இவள் பக்கம் நகர்த்தினாள்.

கிடுக்கி இன்னொரு கப்பில் ஒரு கரண்டி விட்டு, குழாயைத் திறந்தாள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் மூடினாள். பட்டை நனைந்தது. நிறம் ஏறியது. ஒரு கோடு. இருவரும் இரண்டாவது கோடு விழ வேண்டிய வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்றாள் நாத்தனார்.

“இதுக்கு மேல ஊத்தினா வெறும் குழாய்த் தண்ணி அண்ணி.”

“ஊத்துடி.”

அவள் ஊற்றினாள். விளிம்புவரை தளும்பிய கப்பை அப்படியே தூக்கி நாத்தனாரிடம் நீட்டினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.